திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு பாத்திரம்

ரோச்சுக்கு ஒரு ஆளுக்குச் சோறு பொங்கத் தெரியாது. பன்னிரண்டு பேருக்கு என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் பொங்குவார். மாலத்தீவுக்குப் போகிற வழியில் தோணி ஒருக்களித்துப் படுத்தாலும், அடுப்பை ஒரு காலால் நகராமல் பிடித்துக்கொண்டு, குழம்பை ஒரு சொட்டுச் சிந்தாமல் இறக்கி வைப்பார். முப்பத்தெட்டு வருடம் தூத்துக்குடித் தோணிகளில் பண்டாரியாக இருந்தவர். தோணியில் சமையல்காரரைப் பண்டாரி என்றுதான் சொல்வார்கள். கப்பலுக்குக் கேப்டன் மாதிரி தோணிக்குத் தண்டல். அந்தத் தண்டலையே எதிர்த்துப் பேசுகிறவன்கூடப் பண்டாரியை எதிர்த்துப் பேசமாட்டான். மத்தியானம் சோறு வேண்டுமே.

தண்டல், இன்ஜின் டிரைவர், கயிறு இழுக்கிற கலாசிகள், பண்டாரி என எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மூன்று கிலோ அரிசி, ஒரு கை உப்பு, இரண்டு கை மிளகாய்த்தூள். அளவுக் கரண்டி என்று ஒன்றை அவர் தொட்டதே இல்லை. அளவெல்லாம் உள்ளங்கையிலேயே இருந்தது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்தக் கை ஒரு நாளும் தப்பவில்லை. அதன் பிறகுதான் முழங்கால் தப்பியது. ஏணியில் ஏற முடியவில்லை. பண்டாரி வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் சமைக்க மனைவி கிளாடிஸ் இருந்தாள். இரண்டே மாதம்தான் இருந்தாள். பெங்களூரில் மகள் டயானாவுக்குப் பிரசவம். "மூணு மாசத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மாதம் ஆனதும், பிள்ளைக்குக் கழுத்து நிற்கட்டும் என்றாள். கழுத்து நின்றதும், பல் முளைக்கட்டும் என்றாள். பல் முளைத்து, அந்தப் பல்லால் பிள்ளை எல்லாரையும் கடித்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. இப்போது பேச்சு வரட்டும் என்கிறாள். பதினேழு மாதம் ஆகிவிட்டது.

இந்தப் பதினேழு மாதத்தில் ரோச் பட்ட பாடு பெரிது. கால் கிலோ அரிசியைப் போட்டுப் பார்த்தார். உப்பை அள்ளுகிற நேரத்தில் கை தானாகப் பன்னிரண்டு பேரை நினைத்துக்கொண்டது. வாயில் வைக்க முடியவில்லை. சின்னப் பானை ஒன்று வாங்கினார். அதில் சோறு கொதிக்கிற சத்தமே அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்று குழைந்தது, இல்லையென்றால் அடியில் பிடித்தது. கடைசியில் அலுத்துப்போய், ஒருநாள் பழையபடி மூன்று கிலோ பொங்கினார். சோறு மல்லிகைப்பூ மாதிரி உதிர்ந்தது. குழம்பு மணத்தது. குசினியில் நின்றபடியே ஒரு தட்டுச் சாப்பிட்டு முடித்து, மிச்சத்தைப் பார்த்தார். பதினோரு பேரைக் காணவில்லை.

அவர் வீடு மாப்பிள்ளையூரணிக்குப் போகிற வழியில், சங்கு நகர் மூன்றாவது தெருவில் இருந்தது. அவர் வீட்டையும் சேர்த்து ஒன்பது வீடு. கடற்கரைப் பக்கத்துச் சொந்தக்காரர்களை எல்லாம் விட்டுவிட்டு, நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று கிளாடிஸ்தான் இங்கே மனை வாங்க வைத்தாள். வந்து பதினோரு வருடம். தோணி ஓடாத கச்சான் காற்று மாதங்களிலும் ரோச் பழைய துறைமுகத்தில் மராமத்து வேலையிலேயே கிடப்பார். தூங்க மட்டும் வீட்டுக்கு வருவார். அதனால் மாலத்தீவுத் துறைமுகத்தில் சுங்கக் காவலாளியின் பிள்ளைகள் பேர்வரைக்கும் தெரிந்த அவருக்கு, எதிர்வீட்டுக்காரர் பேர் தெரியாது.

தெருக்காரர்கள் கல்மனசுக்காரர்கள் இல்லை. கிளாடிஸ் ஊருக்குப் போன புதிதில், 'அண்ணாச்சி ஒத்தையில கிடக்காரு' என்று ஆளுக்கொரு நாள் எதையாவது கொடுத்தார்கள். உளுந்தஞ்சோறு வந்தது. சொதி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கருப்பட்டிப் பாயசம் வந்தது. ரோச் எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து அந்தப் பாத்திரத்தை அரைமணி நேரம் தேய்ப்பார். தோணியில் அப்படித்தான். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் தண்டல் தூக்கிக் கடலில் எறிந்துவிடுவார், பாத்திரத்தையா பண்டாரியையா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. தேய்த்த பாத்திரத்தை ஒரு பையில் போட்டு, தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, விடியற்காலையில் அந்தந்த வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு வந்துவிடுவார்.

ஒவ்வொரு வீடாகப் பாத்திரம் வருவது நின்றது. ஒன்றரை மாதத்தில் எட்டு வீடும் நின்றுவிட்டது. ஏன் என்று ரோச்சுக்கு விளங்கவில்லை. அவரவர்க்கு ஆயிரம் ஜோலி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவரோடு பேச ஆள் இல்லை. தனிமை என்ற சொல்லெல்லாம் அவர் வாயில் வராது. "தொண்டை துருப் பிடிச்சுப் போச்சு" என்பார், அதையும் சொல்ல ஆள் இல்லாமல் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். முப்பத்தெட்டு வருடம் நடுக்கடலில் இருந்தபோது ஒரு மனிதனுக்கு வராத அது, கூப்பிடு தூரத்தில் எட்டு வீடு இருக்கும்போது எப்படி வந்தது? ஒருவேளை தோணியில் மனிதர்கள் ஒருவரையொருவர் தேடிப் போக இடமே இல்லாததால்தான் அங்கே வரவில்லையோ என்னவோ. தெருவில் அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேட் இருக்கிறது.

கிளாடிஸுக்கு விஷயம் ஒரு பாட்டினால் தெரியவந்தது. ஜூன் மாதம் ஒருநாள் சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"ஏங்க, உங்க போன்ல என்ன கல்யாணப் பாட்டு ஓடுது? யாருக்குக் கல்யாணம்?"

"ஒரு பிள்ளை போன் பண்ணுச்சு. பாட்டு வேணும்னா ஒண்ண அமுக்குங்கன்னு சொல்லுச்சு. மரியாதையாச் சொல்லுச்சு, அமுக்கினேன்."

"எந்தப் பிள்ளை?"

"பேரு கேட்டேன், சொல்லல. சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன், அதுக்கும் சொல்லல."

"அது மெசினுங்க."

"கடைசியிலதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள முட்டுவலியப் பத்திப் பாதி சொல்லிட்டேன்."

கிளாடிஸ் பேச்சை மாற்றி, "நம்ம எதிர்வீட்டு அண்ணாச்சிகிட்ட பேசுதீங்களா?" என்று கேட்டாள்.

"பேசாம? இப்பதான் பேசிட்டு வாரேன்."

"அவரு பேரு என்ன?"

ரோச் ஜன்னல் வழியே பார்த்தார். தெருவில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. அதன் நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்தார். "செந்தூர்வேல்."

"அவரு பேரு தாணுலிங்கம். அவரு பொஞ்சாதி செல்வராணி. பதினோரு வருசமா எதிர்வீடு." கிளாடிஸ் சத்தம் போடவில்லை. சத்தம் போடாதபோதுதான் அவளுக்குப் பயப்பட வேண்டும். "நான் மாதா திருவிழாக் கொடியேத்தத்துக்கு வாரேன். திரும்பிப் போவ ஆகஸ்ட் ஏழாம் தேதி மைசூர் ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் போடச் சொல்லுதேன். உங்களுக்கும் சேத்து."

போன வருடம் பெங்களூரில் பத்து நாள் இருந்து பார்த்தவர் ரோச். பதினான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரில் இன்னொரு பதினான்காவது மாடி. காற்றில் உப்பு கிடையாது, சாம்பாரில் வெல்லம் இருந்தது. குசினியில் தீ இல்லாத அடுப்பு. அது அவரைப் பார்த்ததும் கூவும். பத்தாவது நாள் தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கி, கருவாட்டு வாடை மூக்கில் ஏறியதும், அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, நான் இங்கன நல்லாத்தான் இருக்கேன்."

"மெசினுகிட்ட முட்டுவலியச் சொல்லுதவரு நல்லா இருக்காரா?"

ரோச் கெஞ்சினார். கிளாடிஸ் இளகவில்லை, ஆனால் ஒரு வழி விட்டாள். "நான் அங்கன இருக்குத நாள்ல, இந்தத் தெருவுல ஒரு ஆளாவது, உங்களத் தேடி நம்ம கேட்டைத் திறந்து உள்ள வரட்டும். நீங்க கூப்பிடக்கூடாது. பந்தயம் கிந்தயம்னு யாருகிட்டயும் சொல்லவும் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க. அப்படி வந்தா நீங்க இருங்க. வரலன்னா ரயில் ஏறுங்க."

சத்தியம் செய்துவிட்டு ரோச் நேராகத் தெருமுனைக்குப் போனார். அங்கே சீனித்தாய் வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். புருசன் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். தெருவில் அவரோடு நாலு வார்த்தை பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அதுவும் 'ஒரு பாக்கெட்டா ரெண்டு பாக்கெட்டா' என்கிற நாலு வார்த்தை.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. இந்தத் தெருவுல யாரும் எங்கிட்ட ஏன் பேச மாட்டங்காங்க?"

சீனித்தாய் கிரைண்டரை நிறுத்தினாள். ரொம்ப நாளாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்க வெறும் பாத்திரத்தத் திருப்பி அனுப்பினா யாரு பேசுவா?"

"வெறும் பாத்திரமா? மூஞ்சி பாக்கலாம் அதுல. அப்படித் தேச்சுருந்தேன்."

"மூஞ்சி பாக்கதுக்கா உங்களுக்குச் சோறு குடுத்தோம்? ஒரு கரண்டி சீனி, நாலு மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம், ஏதாவது ஒண்ணு உள்ள கிடக்கணும்லா. கதவத் தட்டிக் குடுக்காம, பால் பாக்கெட் மாதிரி கேட்டுல வேற மாட்டிட்டுப் போறீங்க. செல்வராணி மூணு நாளு அழாத குறை. 'அவரு நம்ம உறவே வேண்டாம்னு கழுவி ஊத்திட்டாரு மைனி'ன்னு சொல்லுதா. நீங்க இவ்வளவு தேச்சதுதான் அவளுக்கு ரொம்ப வலிச்சது."

நிரம்பிய பாத்திரத்தை வாங்கி, காலிப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பதுதான் மரியாதை என்று முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த மனிதர் ரோச். கரையில் அது முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதையெல்லாம் கிளாடிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, இப்ப நிரப்பிக் குடுக்கேன்."

"எதுல நிரப்புவீங்க? பாத்திரந்தான் போயிட்டே."

ரோச் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தாணுலிங்கம் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பஜாரில் பலசரக்குக் கடை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒரு பாத்திரம் வேணும் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"திருப்பிக் குடுக்கதுக்கு."

தாணுலிங்கம் கடைக்காரர். இல்லாத சரக்கைக் கேட்கிறவர்களை எல்லாம் பார்த்தவர். இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை. உள்ளே திரும்பி, "ஏளா, எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு பாத்திரம் கேக்காரு" என்றார்.

"எதுக்காம்?" உள்ளிருந்து செல்வராணி.

"திருப்பிக் குடுக்கதுக்காம்."

உள்ளே பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி வந்தது, அதைப் பிடித்திருந்த கை மட்டும் கதவுக்கு வெளியே தெரிந்தது.

இரண்டு மணி நேரத்தில் அந்தச் சட்டி திரும்பி வந்தது. மூடியே மூடாத அளவுக்கு மாசிச் சம்பல். மாலத்தீவு மாசிக் கருவாட்டை இடித்து, தேங்காயும் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தது. தெருவே மணத்தது. இந்த முறை கேட்டில் மாட்டவில்லை. செல்வராணி கையில் கொடுத்தார். அவள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நாங்க திருச்செந்தூருக்கு விரதம்."

ரோச் சட்டியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அவள் சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்குத் திங்கோம். மாசி கெட்டா போவும்? ஆனா மணத்த வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு இவரு எப்படி விரதம் இருக்கப் போறாருன்னுதான் தெரியல" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்குப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்ததில் தாணுலிங்கம் வீட்டுக்குப் போக மிச்சம் ஏராளமாக இருந்தது. எனவே ரோச் அடுத்த வீட்டில் போய்ப் பாத்திரம் கேட்டார். அதற்கடுத்த வீட்டிலும் கேட்டார். மறுநாள் யாரும் அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. அவ்வளவு சம்பலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? செல்வராணி உளுந்தஞ்சோறு கொடுத்தாள். அந்தப் பாத்திரத்தை ரோச் மீன்குழம்பால் நிரப்பினார். மீன்குழம்புக்குப் பதில் முந்திரிக்கொத்து வந்தது. முந்திரிக்கொத்து வந்த பாத்திரத்தில் கணவாய் வறுவல் போனது. மூன்று வாரத்தில், யார் முதலில் கொடுத்தது, யார் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. நிறுத்தவும் வழி தெரியவில்லை. சோறு வெந்ததும் ரோச் தோணியில் தட்டுவது மாதிரி பானை மூடியில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவார். எட்டு வீட்டிலிருந்தும் ஆள்கள் பாத்திரத்தோடு அவர் கேட்டுக்கு வந்து நிற்பார்கள்.

பாத்திரங்களில் பேர் வெட்டியிருந்தது. ரோச்சுக்கு அது பெரிய உதவியாகப் போயிற்று. பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்து, தெருக்காரர்களின் பேர்களை மனப்பாடம் செய்தார். கிளாடிஸ் வந்து கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும் என்று தினமும் காலையில் சொல்லிப் பார்த்தார். கடைசி வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், சிரிக்காத ஆள். அவர் ஷிப்ட் முடிந்து வரும்போது ரோச் கேட்டில் நின்று வாய் நிறையக் கேட்டார்: "பாண்டித்துரை அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?"

அவர் பைக்கை நிறுத்தினார். தெருவே பார்க்க, ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு எம்மேல ஏதும் கோவமா?"

"இல்லையே."

"அப்ப ஏன் அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுதீங்க?"

"உங்க சட்டியில வெட்டியிருக்கே, பாண்டித்துரைன்னு."

"அவன் என் மச்சினன். கல்யாணத்துக்கு அந்தச் சட்டிய அன்பளிப்பாக் குடுத்தான். பதினாறு வருசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. சட்டி நல்ல கனம், அதனால வச்சிருக்கேன். என் பேரு சத்தியராஜ்."

வாசலில் நின்ற செல்வராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். சீனித்தாய் ஓடவில்லை, நின்றபடியே சிரித்தாள். அன்றிலிருந்து அவர் தெருவுக்குள் வந்தாலே "பாண்டித்துரை வாராரு" என்று யாராவது சொல்வார்கள். நாலாவது நாள் சத்தியராஜே சிரித்துவிட்டார். பற்கள் நன்றாகவே இருந்தன, ஏன் இத்தனை நாள் ஒளித்து வைத்தார் என்று தெரியவில்லை.

இப்படித் தெருவே கேட்டுக்கு வந்து நின்றதில், ஒரு விஷயத்தை ரோச் கவனிக்கவில்லை. எல்லாரும் கேட்டுக்குத்தான் வந்தார்கள். கேட்டைத் திறந்து ஒருத்தர்கூட உள்ளே வந்தது கிடையாது.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி கிளாடிஸ் வந்து இறங்கினாள். கேட்டுக்குள் நுழைந்ததும் குசினியைப் பார்த்தாள். யார் யாருடையதோ ஒன்பது பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன.

"இதெல்லாம் என்ன?"

ரோச் பெருமையாகக் கதையைச் சொன்னார். கிளாடிஸ் கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து, பெங்களூரிலிருந்து கொண்டு வந்த மைசூர்பாகை எடுத்தாள். ஒன்பது பாத்திரத்திலும் நாலு நாலு துண்டு வைத்தாள். அன்று சாயங்காலமே ஒவ்வொரு வீடாகப் போய், நலம் விசாரித்து, முறைப்படி கொடுத்துவிட்டு வந்தாள். மரியாதை தெரிந்த பெண். தெருவுக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் ஒரு பாத்திரம்கூட மிச்சமில்லாமல் போயிற்று.

மறுநாளிலிருந்து அவளே சமைத்தாள். குக்கரில், இரண்டு பேருக்கு. கரண்டிச் சத்தம் நின்றது. அண்ணாச்சி வீட்டில் அவர் மனைவி வந்திருக்கிறாள், ஒன்றரை வருடம் கழித்துச் சேர்ந்திருக்கிறார்கள், நாம் ஏன் நடுவில் போக வேண்டும் என்று தெருக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். போவதென்றாலும் எதைச் சாக்கு வைத்துப் போவது? கொடுக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை.

கொடி ஏறியது. நாள்கள் போயின. ரோச் தினமும் வாசலில் நாற்காலியைப் போட்டுக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் வந்தார், கேட்டின் மேலேயே நீட்டிவிட்டுப் போனார். ஒருநாள் கேட் ஆடியது. ரோச் எழுந்தே விட்டார். ஆடு உரசியிருக்கிறது.

"ஆடு கணக்குல வராது" என்றாள் கிளாடிஸ் உள்ளிருந்து.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி திருவிழா. இரண்டு பேரும் கூட்டத்தில் முட்டி மோதி மாதாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாதாவிடம் ரோச் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் செய்துகொடுத்த இடத்திலேயே போய் எப்படிச் சலுகை கேட்பது?

ஆறாம் தேதி மத்தியானம் கூடத்தில் இரண்டு பெட்டிகள் தயாராக நின்றன. நாளைக்கு ரயில். கிளாடிஸ் வைத்த தட்டில் ஒரு ஆளுக்கான சோறு இருந்தது. உப்பு சரியாக இருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. ரோச் அதைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கேட் கிறீச்சிட்டது. பதினோரு வருடமாக எண்ணெய் பார்க்காத கேட்.

ரோச் ஆடு என்று நினைத்துத் திரும்பவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஆடு செருப்பைக் கழற்றாது. திரும்பிப் பார்த்தார். தாணுலிங்கம் நின்றார். கடையை மத்தியானத்தில் சாத்தாத மனிதர்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் கிளாடிஸ். "என்ன விசயம்?"

தாணுலிங்கம் தொண்டையைச் செருமினார். "ஒரு பாத்திரம் வேணும்."

"எதுக்கு?"

"திருப்பிக் குடுக்கதுக்கு."

கிளாடிஸ் ரோச்சைப் பார்த்தாள். ரோச் தட்டைப் பார்த்துக்கொண்டார். கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி இருந்தது.

"பன்னிரண்டு நாளாச்சு" என்றார் தாணுலிங்கம். "கரண்டிச் சத்தம் கேக்கல. அண்ணாச்சிக்கு மேலுக்கு முடியலையோன்னு வீட்டுல இவ கிடந்து புலம்புதா. நீயே போய்க் கேளுன்னேன். கையில ஒண்ணுமில்லாம எப்படிப் போவன்னு கேக்கா. அதான் நான் வந்தேன். எனக்கு வெக்கம் கிடையாது, கடைக்காரன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட் மறுபடியும் கிறீச்சிட்டது. செல்வராணியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவளுக்குப் பின்னால் சீனித்தாய். அவளுக்குப் பின்னால், ஷிப்ட் உடுப்பைக்கூட மாற்றாமல் சத்தியராஜ், கையில் மச்சினன் கொடுத்த சட்டி.

"ஒத்தச் சட்டிதான் இருக்கு அண்ணாச்சி, காலியாத்தான் இருக்கு" என்றார் சத்தியராஜ். "மைனி தப்பா நினைக்காதீங்க. ரெண்டு வாரமா கேண்டீன் சாப்பாடு."

கூடத்தில் நின்ற பெட்டிகளை சீனித்தாய் பார்த்துவிட்டாள். "யாரு ஊருக்கு?"

ரோச் சத்தியம் செய்திருந்தார். கிளாடிஸ்தான் வாயைத் திறந்தாள். "நான் மட்டுந்தான்."

பிறகு புருசன் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "அந்தக் குக்கரத் தூக்கி அந்தால வச்சுட்டு, உங்க பானைய ஏத்துங்க. எட்டு வீடும் பட்டினி போல இருக்கு" என்றாள்.

அன்றைக்குச் சோறு இறங்க மூன்று மணி ஆகிவிட்டது. உட்கார இடம் போதாமல் பெட்டிகளின் மேலேயும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. பன்னிரண்டு நாள் சும்மா இருந்த கை. யாரும் சொல்லவில்லை. செல்வராணி மட்டும் இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மைசூர் ரயிலில் கிளாடிஸ் ஏறினாள். பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. அதில் சீனித்தாய் கொடுத்த தூக்குச்சட்டி உட்கார்ந்து பயணம் செய்தது. பொடி தடவிய இட்லி, மூன்று பேருக்குப் போதும், பெரிய சட்டி. "சட்டி எனக்கு வேணும் மைனி" என்று ஸ்டேஷனில் சீனித்தாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "பார்சல்ல போடாதீங்க. நீங்களே கொண்டு வரணும். வெறுஞ்சட்டியாக் கொண்டு வந்துராதீங்க."

மூன்றாம் நாள் மத்தியானம், ரோச் மூடியில் கரண்டியைத் தட்டப் போகிற நேரத்தில் போன் வந்தது.

"அந்த இட்லி மிஞ்சிப் போச்சுங்க. மாவும் இருந்துச்சு, கூட நாலு ஊத்தி, எதிர் வீட்டுல ஒரு பொம்பள இருக்கா, அவகிட்ட குடுத்தேன். ஒன்றரை வருசமா லிப்ட்ல பாக்கோம், பேசினது கிடையாது."

"நல்லதுதானளா."

"இன்னைக்குக் காலையில கதவத் திறந்தா, கைப்பிடியில பை தொங்குது. உள்ள நம்ம சட்டி. வெறுஞ்சட்டி." "கழுவித் துடைச்சு வச்சிருக்கா."

கேட்டுக்கு வெளியே தாணுலிங்கமும் சத்தியராஜும் பாத்திரத்தோடு வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். ரோச் அவர்களிடம் கையைக் காட்டி, உள்ளே வாங்க என்று சைகை செய்தார்.

"நல்லாத் தேச்சுருக்காளா?"

"மூஞ்சி தெரியுதுங்க அதுல."

"அப்ப கோவப்படாத. அவளுக்கும் சொல்லிக்குடுக்க ஆள் இல்ல போலுக்கு. நாளைக்குக் காலையில தலை சீவிட்டுப் போயி அவ கதவத் தட்டு. ஒரு பாத்திரம் வேணும்னு கேளு."

"எதுக்குன்னு கேட்டா?"